கட்டடம் மட்டும் அரங்கு ஆகாது

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், 1930 ஏப்ரல் 11 அன்று ஃபாக்ஸ் திரையரங்கு திறக்கப்பட்டது. அன்றைக்குக் காங்கிரஸ் தெருவில் போக்குவரத்தை நிறுத்தி, மக்கள் ஆடுவதற்குத் தோதாகத் தெருவுக்கே மெழுகு பூசினார்கள். ஒரு கொட்டகையின் திறப்பு ஊர்த் திருவிழாவாக இருந்த காலம் அது.

1974இல் ஃபாக்ஸ் மூடப்பட்டது. கூரை ஒழுகியது. வீடற்றவர்கள் உள்ளே ஒண்டிக்கொண்டார்கள். 1999இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் புதுப்பித்தது. 2005 டிசம்பர் 31 இரவு கதவுகள் மறுபடி திறந்தன. பேசும்படங்கள் வந்த புதிதில் எதிரொலியை அடக்கச் சுவர்களில் பூசப்பட்ட 'அக்கூஸ்டோன்' பூச்சு, அதன் வண்ண வேலைப்பாடுகளோடு இன்றும் அங்கே இருக்கிறது. இடித்துவிடுவது எளிதாக இருந்தபோதும் இடிக்காமல் காத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் டூசானின் அரங்க வரலாறு காங்கிரஸ் தெருவோடு முடிவதில்லை. ஃபாக்ஸுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1915இல், கார்மென் சோட்டோ வாஸ்கெஸ் என்ற பெண் மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த மேயர் தெருவில் தெயாத்ரோ கார்மென் என்ற நாடக அரங்கைத் திறந்தார். பச்சை மண் செங்கல்லால் கட்டிய கட்டடம். மேடையேறியவை ஸ்பானிய மொழி நாடகங்கள். ஆங்கிலம் அதிகார மொழியாகிவிட்ட ஊரில், தன் மக்கள் தங்கள் மொழியில் நல்ல நாடகம் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் சொந்தப் பொறுப்பில் செய்த காரியம் அது. பிறகு அந்தக் கட்டடம் சினிமாக் கொட்டகையாகவும் குத்துச்சண்டைக் கூடமாகவும் வாகனப் பட்டறையாகவும் மாறியது.

1960களின் இறுதியில் நகரச் சீரமைப்பு வந்தது. மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாகவும், சீனரும் கறுப்பினத்தவரும் அவர்களோடு கலந்தும் வாழ்ந்த சுமார் 80 ஏக்கர் குடியிருப்பைப் புல்டோசர்கள் தரைமட்டமாக்கின. ஸ்பானியப் படங்கள் ஓடிய சினே பிளாசாவும் அதில் போயிற்று. அந்த இடத்தில் 1971இல் எழுந்த சமூக மைய வளாகத்தில் ஓர் இசையரங்கும் இருந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் வீடுகளையும் கொட்டகையையும் எடுத்துவிட்டு, 'பண்பாட்டை வளர்க்க' நகராட்சி கட்டிய அரங்கு அது.

இந்த இடிப்புக்குச் சில ஆண்டுகளுக்குள் ஃபாக்ஸ் மூடியதைத் தனிக்கதையாகப் பார்க்க முடியாது. தொலைக்காட்சி வந்தது உண்மை. புறநகர்க் கடைவளாகங்கள் கூட்டத்தை இழுத்ததும் உண்மை. ஆனால், நடந்தே வந்து படம் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்த குடும்பங்களை நகரமே துரத்திய பிறகு, நடுநகரக் கொட்டகைக்கு யார் வருவார்கள்?

அரங்கைக் காப்பது என்றால் முதலில் பார்வையாளரைக் காப்பது. பழைய சுவர்களைப் பணம் திரட்டி மீட்டுவிடலாம். கலைத்துவிட்ட தெருவை எந்த அறக்கட்டளையாலும் மீட்க முடியாது. புதுப்பித்த அரங்கால் சுற்றுப்புறத்தின் மதிப்பு கூடி, மிச்சமிருப்பவர்களும் வாடகை கட்ட முடியாமல் வெளியேறினால், அது இரண்டாவது இடிப்பு. பாரம்பரிய அரங்குகளுக்காக நிதி திரட்டுகிறவர்கள், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களின் வாடகையையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும்.