நாட்டின் தலைவரே!

2010 நவம்பர். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர இளைஞர் 'எல் ஜெனரல்', "நாட்டின் தலைவரே" என அதிபர் பின் அலியை நேராக விளித்து ராப் பாடல் ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை. மக்களின் வறுமைக்கும் காவல்துறைக் கொடுமைக்கும் கணக்குக் கேட்டது அப்பாடல்.

அடுத்த மாதம், தராசும் சரக்கும் பறிக்கப்பட்ட தெருவோர வியாபாரி முஹம்மது பூஅஸீஸி தீக்குளித்தார். நாடே கொதித்தெழுந்தது. 2011 ஜனவரியில் பாடகர் கைதாகி, சில நாட்களில் விடுதலையானார். 14ஆம் தேதி, 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் நாட்டைவிட்டே ஓடினார்!

பாட்டா ஆட்சியைக் கவிழ்த்தது? இல்லை. இளைஞனின் நாவும் வியாபாரியின் வயிறும் ஒரே நீதியைக் கேட்டன, மக்கள் திரண்டனர்.

ஆனால் 2021இல் அங்கே நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 2022இன் 54ஆம் ஆணையால் விமர்சித்தோர் சிறை சென்றனர். ஆள்பவரை விரட்டினால் மட்டும் போதாது. பேசும் உரிமையையும் காக்க வேண்டும். இளைஞர்களே, வணிகர்களே, சிந்திப்பீர்!