சித்திரக்கதைஞனும் சுதந்திரத்தின் விலையும்

சித்திரக்கதை வரைபவன் தன் ஆர்வத்துக்காகவே வரைகிறான்; அவனுக்கு ஊதியம் எதற்கு என வினவுவோர் நம் கலாரசிகரிடையேயும் உளர். இவ்வாதம் யாருக்குப் பயன்பட்டது?

1938இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்ரர் என்னும் இளைஞர் இருவர் சுப்பர்மானின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தனர். பதிப்பகம் கொழித்தது, படைத்தோர் வறுமையுற்றனர். பகிரங்கமாக நியாயங் கோரிய பின்னரே, 1975இல், ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் கிட்டியது.

"அவ்வாறாயின் தானே வெளியிடட்டும்" என்பர். 1991இல் ஜெவ் சிமித் 'போன்' கதையை அவ்வாறே வெளியிடத் தொடங்கினார். வரைவதோடு அச்சுச் செலவும் விநியோகக் கவலையும் அவர் தலையிலேயே வீழ்ந்தன. மனைவி விஜயா ஐயர் தம் தொழிலைத் துறந்து நிர்வாகத்தை ஏற்றார். 2004இல், 55ஆம் இதழுடன் கதை நிறைவுற்றபோது உரிமை அவர்களிடமே இருந்தது. ஆனால் இவ்வெற்றி விதியன்று. 1976இல் தம் வாழ்வையே சித்திரக்கதையாக்கித் தாமே வெளியிடத் தொடங்கிய ஹார்வி பீக்கார், 2001இல் ஓய்வுபெறும்வரை மருத்துவமனை எழுதுவினைஞராகவே உழைத்தார்.

எனவே சுதந்திரம் என்பது இலாபத்தோடு நட்டத்தையும் கலைஞன் தனித்துச் சுமப்பதே. அச்சுமையைப் பகிர வேண்டியோர் வாசகரே. அவன் நூலை இரவல் வாங்கிப் படித்துவிட்டு அவனது தியாகத்தைப் போற்றுவது விமர்சனமன்று. சுரண்டலின் நாகரிகமான வடிவமே!