நேரிய ஒப்பீடு

ஒப்பிட்டு நோக்குதல் அறிவுக்கு அழகு. ஆயினும், நிறைகோல் கோணினால் எடை பொய்க்கும். நாடுகளின் தொழில்வளத்தை ஒப்பிடுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். ஒரு சாரார் பண்டைப் பெருமை பேசிக் களிப்பர். மற்றொரு சாரார் பிற்கால வீழ்ச்சியைச் சொல்லிச் சோர்வர். இவ்விரு சாராரும் கைக்கொள்ளும் கோல் ஒன்றே. அது மொத்தக் கணக்கு என்னும் கோலாகும்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கூட்டேரிப்பட்டு. அங்கிருந்து மயிலம் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரு சாலை பிரிந்து செல்கிறது. அச்சாலை சென்று சேரும் கடற்கரை, பதினெட்டாம் நூற்றாண்டில் துணி வாணிகத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தது. நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணிகள் புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சுக்கும், அதன்வழி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றன. இந்தியத் துணியின் வரவைக் கண்டு அஞ்சிய இங்கிலாந்து, தன் நெசவாளரைக் காக்கும் பொருட்டு 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச் சட்டங்கள் இயற்றியது. நம்மவர் கைத்திறனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பொருளியல் வரலாற்றறிஞர் பால் பைராக் 1982-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். அதன்படி, 1750-இல் உலகத் தொழில் உற்பத்தியில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 24.5, பிரிட்டனின் பங்கு 1.9 மட்டுமே. 1900-இல் இந்தியாவின் பங்கு 1.7 ஆகச் சுருங்கியது. பிரிட்டனின் பங்கு 18.5 ஆக உயர்ந்தது.

இக்கணக்கைக் கண்டவுடன் முடிவு கட்டுதல் தகாது. உலகின் மொத்த உற்பத்தி பெருகினாலும் ஒரு நாட்டின் பங்கு குறையக் கூடுமன்றோ? ஆதலின் தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கையும் நோக்குதல் வேண்டும். 1900-ஆம் ஆண்டுப் பிரிட்டனின் தலைக்கணக்கை 100 எனக் கொண்டால், 1750-இல் பிரிட்டனின் நிலை 10. இந்தியாவின் நிலை 7. அன்றைய நம் பெரும் பங்குக்கு மக்கள்தொகையும் ஒரு காரணம் என்பது இதனால் விளங்கும். 1900-இலோ இந்தியாவின் நிலை 1 ஆகத் தாழ்ந்தது. எனவே வீழ்ச்சி உண்மையே.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? நெசவாளர் கைகள் திறன் இழக்கவில்லை. 1769-இல் ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் நூற்பு எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1785-இல் கார்ட்ரைட் விசைத்தறிக்கு உரிமம் பெற்றார். எந்திரத்தோடு ஆட்சியும் கைகோத்தது. பிரிட்டனில் இந்தியத் துணிக்கு மிகுந்த வரி. இந்தியாவில் பிரிட்டன் துணிக்குக் குறைந்த வரி. புதிய அறிவும் தன்னாட்சியும் ஒருங்கே இல்லாத நாடு, கைத்திறன் ஒன்றைக் கொண்டு எவ்வாறு நிலைபெறும்?

இன்று நிலைமை மாறியுள்ளது. 2023-இல் இந்தியா ஏறத்தாழ 14 கோடி டன் உருக்கு ஆக்கியது. பிரிட்டன் ஆக்கியது 60 இலட்சம் டன்னுக்கும் குறைவு. தொழிற்சாலைப் பொருள்களின் மொத்த மதிப்பிலும் இந்தியா பிரிட்டனை விஞ்சிவிட்டது. ஆயினும் அம்மதிப்பைத் தலைக்குப் பகுத்தால், பிரிட்டன் இன்னும் பன்மடங்கு முன்னிற்கிறது.

மொத்தக் கணக்கு பயனற்றது என்பது கருத்தன்று. நாட்டின் வலிமைக்கும் வாணிகத்துக்கும் அது இன்றியமையாதது. ஆனால், ஒரு தொழிலாளியின் உழைப்பு எவ்வளவு பயன் தருகிறது, அவன் இல்லத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பனவற்றை அது கூறாது. நெடுஞ்சாலையில் விரையும் சரக்கு வண்டிகளை எண்ணுவது எளிது. அச்சரக்கை ஆக்கிய கைகளுக்குக் கல்வியும் கருவியும் தக்க கூலியும் கிட்டினவா என்று வினவுவதே அரிது. அவ்வினாவைக் கேட்கப் பழகிய இளைஞர், பழம்பெருமையால் செருக்கார். பிற்கால வீழ்ச்சியால் நாணார். செய்ய வேண்டுவது யாது எனத் தெளிந்து செயற்படுவர்.