விற்றமின் குளிசைகளும் மார்பகப் புற்றுநோயும்: எங்கள் மாதர் சங்கத்தின் நிலைப்பாடு

வெள்ளாங்குளத்தில் வெளிநாட்டுப் பார்சல் வராத வீடு குறைவு. சொக்லேட்டோடும் சவர்க்காரத்தோடும் இப்போது விற்றமின் போத்தல்களும் வருகின்றன. "மார்பிலே புற்றுநோய் வராது, நாளுக்கு ஒண்டு போடுங்கோ அக்கா" என்று தொலைபேசியில் சொல்லியும் விடுகிறார்கள். அன்போடு அனுப்புகிறார்கள், அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனாலும் மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி விற்றமின் குளிசையை யாரும் வாங்கவோ, கொடுக்கவோ, விற்கவோ கூடாது என்பதே எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

இரத்தத்தில் விற்றமின் டி குறைந்த பெண்களிடம் இந்த நோய் கூடுதலாகத் தெரிந்தது என்று சில ஆய்வுகள் சொன்னதுண்டு. ஆனால் உடம்பு ஏலாமல் வீட்டுக்குள்ளே இருப்பவருக்கும் விற்றமின் டி குறையும். எதனால் எது வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் குளிசையையே கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களில் ஒரு பாதிக்குக் கல்சியமும் விற்றமின் டியும், மறுபாதிக்கு வெறும் குளிசையும் ஏழு வருடம் கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மருந்து போட்டவர்களில் 528 பேருக்கும் போடாதவர்களில் 546 பேருக்கும் மார்பகப் புற்றுநோய். இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. கூடிய அளவாக, நாளுக்கு 2,000 அலகு விற்றமின் டி கொடுத்து 25,871 பேரிடம் நடத்திய ஆய்விலும் நோய் குறையவில்லை. ஏறக்குறைய 40,000 பெண்களிடம் பத்து வருடம் சோதித்த விற்றமின் ஈயும் காக்கவில்லை.

"நன்மை இல்லாட்டியும் தீமை இல்லைத்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் என்ற சத்துக் குளிசையைக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியது. அது 1994இல் தெரியவந்தது.

எங்களுக்குப் பெரிய கவலை வீணாகும் நாட்களைப் பற்றியது. எங்கள் உறுப்பினர் ஒருவர் மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும், "குளிசை போடுறன், கரைஞ்சிடும், நோகவும் இல்லை" என்று மாதக்கணக்கில் பொறுத்திருந்தார். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. நோகாத கட்டியையும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். தோல் உள்ளிழுத்தாலும் முலைக்காம்பில் இரத்தம் கசிந்தாலும் அப்படியே.

முருங்கையிலை, பொன்னாங்காணி, சூடை மீன் எல்லாம் சத்துக்காகச் சாப்பிடுகிறோம், சாப்பிடவும் வேண்டும். அவற்றையும் புற்றுநோய் மருந்து என்று நாங்கள் சொல்லமாட்டோம். தாய்ப்பால் பற்றி மட்டும் துணிந்து சொல்லலாம். 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியிட்ட கணிப்பின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு இந்த நோய் வரும் ஆபத்து 4.3 வீதம் குறைகிறது.

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசைகளை ஒருவரும் நிறுத்தக்கூடாது. அவற்றின் தேவை வேறு. புற்றுநோய் மருந்தால் எலும்பு தேய்கிறவர்களுக்கு வைத்தியர் எழுதும் கல்சியமும் அப்படித்தான். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுகிறவர்கள், பார்சலில் வந்த போத்தலையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சில குளிசைகள் சிகிச்சையைக் குழப்பக்கூடும்.

1996 முதல் நாட்டில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதான பெண்களுக்கு மார்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள். காசு இல்லை. ஆனால் வயலுக்கும் கருவாடு போடவும் கூலிக்குப் போகிறவர்கள் கிழமை நாளில் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். ஆகவே மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கிளினிக் வைக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் எழுத்தில் கேட்கிறோம். அன்றைக்குத் தாய்மார் வந்துபோகும் வரை பிள்ளைகளைச் சங்கக் கட்டடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் எங்கள் வேண்டுகோள்: அடுத்த முறை அம்மாவோடு கதைக்கும்போது, கிளினிக்குக்குப் போனீங்களா என்று கேளுங்கள்.