மேக்ஸ் போட்டால் போதுமா?

2015-ல் மையெஸ்கியூஎல் 5.7 வந்தபோது பல இடங்களில் ஒரே புலம்பல். நேற்று வரை ஓடின கொய்ரி இன்றைக்கு எரர் அடிக்கிறதே! காரணம், ஒன்லி ஃபுல் குரூப் பை என்ற மோட் அதில் தானாகவே ஆன் ஆகியிருந்தது. உடனே ஒரு கைவைத்தியமும் பரவியது: மோடை ஆஃப் பண்ணு, எரர் போயிடும். இன்றும் அதைச் சொல்லித் தருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். போவது எரர்தான், தப்பு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு கிளினிக் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி எண், டெஸ்ட் தேதி, சர்க்கரை அளவு. ஒருவருக்கு ஜனவரி 5-ல் 290, மார்ச் 12-ல் 110. கடைசி டெஸ்ட் வேண்டும் என்று நோயாளி எண், மேக்ஸ் தேதி, சர்க்கரை அளவு மூன்றையும் செலக்ட் பண்ணி, நோயாளி எண்ணில் குரூப் பை போடுகிறார்கள். மோட் ஆஃபில் இருந்தால் மார்ச் 12, 290 என்று வரலாம். அப்படி ஒரு டெஸ்ட் நடக்கவே இல்லை சாமி! தேதி ஒரு ரெக்கார்டிலிருந்து, அளவு இன்னொன்றிலிருந்து. மேக்ஸ் பெரிய தேதியைத் தரும், அவ்வளவுதான். அந்த ரெக்கார்டையே கையைப் பிடித்துக் கூட்டி வருவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. 110-ல் இருக்கிறவருக்கு 290-ஐப் பார்த்து இன்சுலின் ஏற்றினால் என்ன ஆகும்?

"எங்க மெஷின்ல சரியாத்தானே வருது" என்பார்கள். இன்றைக்கு வரும். நாளை ஒரு இண்டெக்ஸ் சேர்த்தால் மாறலாம். (எஸ்கியூலைட் மட்டும் 2012 முதல் மேக்ஸ் வந்த ரெக்கார்டின் மதிப்பையே தருகிறது. அங்கே பழகிய கை எல்லா இடத்திலும் அதையே எழுதுகிறது.) போஸ்ட்கிரஸ் இந்த கொய்ரியை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடும். அதுதான் மரியாதை.

சரியாக எழுதுவது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. முதலில் ஒவ்வொரு நோயாளிக்கும் மேக்ஸ் தேதியை சப்கொய்ரியில் எடுத்து, நோயாளி எண், தேதி இரண்டையும் வைத்து அதே டேபிளோடு ஜாயின் பண்ண வேண்டும். 2018-ல் வந்த 8.0 முதல் ரோ நம்பரும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் என்றால் நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தேதியை வார்சாரில் போட்டு வைக்கிற கூட்டம் தனி. அங்கே 31-01-2022, 09-12-2023-ஐ விடப் பெரியது. 3 என்ற எழுத்து 0-வை ஜெயித்துவிடும். இதற்கு எந்த மோடும் எரர் அடிக்காது.