கொழுப்புக்குள் ஒளியும் கிருமி. புள்ளிவிவரத்துக்குள் மறையும் நோய்

தொழுநோய் ஒழிந்துவிட்டதாகப் படித்தவர்களே நம்புகின்றனர். 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நோயாளிகள் என்ற இலக்கை மட்டுமே. இன்றும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். சராசரி எண்கள் துன்பத்தை மறைக்கும் என்பது பொருளியல் கற்பித்தவர்களுக்குப் பழகிய பாடம்.

கிருமியும் மறைந்து வாழ்வதில் தேர்ந்ததே. நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய 'மேக்ரோபேஜ்' என்னும் எதிர்ப்பு செல்லுக்குள்ளேயே அது குடியேறுகிறது. கிருமி மிகுந்த நோய்வகையில் அச்செல் கொலஸ்ட்ராலைக் கூடுதலாக ஈர்த்தும் உற்பத்தி செய்தும் கொழுப்புத் துளிகளால் நிரம்பி, நுரை போலத் தோற்றமளிக்கிறது. காவலரணே கிருமியின் களஞ்சியமாகிவிடுகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேடின் மருந்துகள் கிருமியைத் தளர்த்துவதைப் பிரேசில் ஆய்வாளர்கள் செல்களிலும் எலிகளிலும் 2014-இல் காட்டினர். எனினும் அது இன்னும் சிகிச்சையாகவில்லை.

அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 1980-களிலிருந்து கையாளப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை, ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோயைக் குணப்படுத்துகிறது. செங்கல்பட்டு திருமணியிலும் வேலூர் கரிகிரியிலும் ஆராய்ச்சி நிலையங்களைக் கொண்ட மாநிலம் நம்முடையது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. தருமபுரி போன்ற மானாவாரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் செல்லும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். உணர்வற்ற தேமல் வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. மருந்து இலவசம், ஆனால், மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் கூலியை யார் தருவார்? ஊர் அறிந்தால் ஒதுக்குமோ என்ற அச்சமும் சேர்கிறது. தாமதத்தின் விலையாக அவர் இழப்பது விரல்களின் உணர்வை. மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது.

நோய் அரும்பப் பல ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். எனவே எண்ணிக்கை குறைந்ததைக் காட்டிக் கண்காணிப்பைக் குறைப்பது சிக்கனமாகாது. நோயாளியின் குடும்பத்தார் அனைவரையும் பரிசோதிப்பது, பணியிடம் மாறினாலும் மருந்து தொடர வழிசெய்வது, பரிசோதனை நாளுக்குக் கூலி ஈடு வழங்குவது ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, உழைக்கும் கை ஒன்று முடங்குவதன் இழப்பைவிடச் சிறிதே.