வற்புறுத்தாத ஆண்டவர்



அப்பம் சாப்பிட்டுத் திருப்தியடைந்த ஜனங்கள் மறுநாளும் இயேசுவைத் தேடிக்கொண்டு கப்பர்நகூமுக்கு வந்தார்கள். அன்று அவர் போதித்ததை ஏற்றுக்கொள்வது கடினமாக இருந்தது. சீஷர்களிலேயே அநேகர் பின்வாங்கிப் போனார்கள். இயேசு யாரையும் தடுக்கவில்லை. சொன்னதைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. கூட இருந்த பன்னிருவரிடமும், போக விருப்பமா என்றே கேட்டார் (யோவான் 6). போவதற்கு வழி திறந்திருந்த அந்த வேளையில், உம்மை விட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார் என்ற பொருளில் பேதுரு பதில் சொன்னார். கட்டாயம் இருந்திருந்தால் அது வெறும் கீழ்ப்படிதலாகப் போயிருக்கும். கட்டாயம் இல்லாததால் அது அன்பாயிற்று.

சீகேமில் யோசுவாவும் இப்படித்தான் செய்தார். யாரைச் சேவிப்பீர்கள் என்று தெரிந்துகொள்ளும்படி இஸ்ரவேலரிடம் சொன்னார். கர்த்தரையே சேவிப்போம் என்று அவர்கள் உடனே சொன்னபோது அவர் மகிழ்ந்துவிடவில்லை. அது உங்களால் ஆகாது என்று எச்சரித்தார் (யோசுவா 24). அவசரத்தில் சொல்லும் சம்மதம் அவருக்குப் போதவில்லை. யோசித்து, விலை தெரிந்து சொல்லும் சம்மதத்தையே அவர் எதிர்பார்த்தார்.

நம் மண்ணில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. 1827-ல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். கிறிஸ்தவர்கள் நடுவே வேலை, அவர்களோடு பழக்கம். ஆனாலும் அவர் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல்தான். மனம் முழுவதும் இசைந்து எடுத்த அந்த முடிவு கடைசிவரை நிலைத்தது. ஜான் பனியனின் கதையைத் தழுவி, 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தையே நமக்குத் தந்தார்.

நம்மில் பலர் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்கள். குழந்தையாய் இருந்தபோது ஞானஸ்நானத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நமக்காக வாக்குக் கொடுத்தார்கள். அது பெரிய ஆசீர்வாதம். ஆனால் அவர்கள் நமக்காகச் சொன்னதை ஒருநாள் நாமே சொல்ல வேண்டும். திடப்படுத்தல் ஆராதனை அதற்காகவே இருக்கிறது. வயது வந்துவிட்டது, கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காகப் பிள்ளைகளை அதற்கு அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் சந்தேகம் கேட்டால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள், சேர்ந்து ஜெபியுங்கள். இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தக் காலத்தைக் கொடுங்கள். துக்கத்தோடு போய்விட்ட ஐசுவரியமுள்ள மனிதனையும் இயேசு பார்த்து நேசித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளையும் அவர் அப்படியே நேசிக்கிறார்.

பெரியவர்களான நமக்கும் இந்தத் தெரிந்தெடுப்பு முடிந்துபோன காரியம் அல்ல. மன்னிக்க மனமில்லாத நாளில் மன்னிப்பதும், பொய் சொன்னால் லாபம் என்னும் இடத்தில் உண்மை பேசுவதும் அவரை மறுபடி தெரிந்துகொள்வதுதான். இன்றும் அவர் வற்புறுத்தாமல்தான் அழைக்கிறார். மனமார "வருகிறேன், ஆண்டவரே" என்று சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்